சூடு கேட்கும் சைலன்சர்

2021 நவம்பரில் தென் கொரியாவின் லாரிக்காரர்கள் பங்குகளின் முன் வரிசை கட்டி நின்றார்கள். டீசலுக்காக அல்ல, டீசல் தாராளமாகக் கிடைத்தது. அவர்கள் தேடியது யூரியாக் கரைசல். யூரியா ஏற்றுமதிக்குச் சீனா திடீரென்று கட்டுப்பாடு போட்டது. தொழிற்சாலை யூரியாவில் ஏறக்குறைய முழுவதையும் அங்கிருந்தே வாங்கிவந்த தென் கொரியா திணறிப்போனது. கடைசியில் ராணுவ விமானம் ஒன்றை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கரைசலை ஏற்றிவந்தார்கள். வயலுக்குப் போடும் யூரியா இல்லையென்றால் லாரி ஏன் நிற்க வேண்டும் என்று நம் ஊர் விவசாயி கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு நம் சாலைக்கு வந்த கனரக டீசல் லாரிகளில் பெரும்பாலானவையும் அதே நிலையில்தான் ஓடுகின்றன. பெரிய டேங்க் நிறைய டீசல் இருக்கட்டும். பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க் வற்றிவிட்டால் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. 'பி.எஸ்.-6 வண்டியா, எப்பப் பார்த்தாலும் ஏதாவது லைட் எரியும்' என்பது அங்கே புளித்துப்போன புலம்பல். புலம்பலில் உண்மை உண்டு. ஆனால் அந்த லைட்டுகளில் பலவும் எரிவது சைலன்சர் கெட்டதால் அல்ல. கோளாறு வேறெங்கோ தொடங்கியிருக்கும். சைலன்சர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ்) விதி நாடு முழுக்க 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டில், ஐந்தாம் படியை மிதிக்காமலே ஆறாம் படிக்குத் தாவினோம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-4 வண்டி எதையும் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொல்லிவிட்டதால் அவகாசம் கேட்கவும் வழியில்லை. என்ஜின் ஒரு கிலோவாட்-மணி வேலை செய்தால் எத்தனை கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு வெளியே விடலாம் என்பதுதான் கணக்கு. பி.எஸ்.-3 காலத்தில் 5 கிராம், பி.எஸ்.-4-ல் 3.5 கிராம், பி.எஸ்.-6-ல் 0.4 கிராம். முன்பு விட்டதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இனி விடலாம். கரித்துகளுக்கோ எடைக்கணக்கு மட்டும் போதாதென்று, முதல் முறையாக எண்ணிக்கைக் கணக்கும் வந்தது. நாம் மூச்சில் இழுக்கும் டீசல் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. எடை பார்த்தால் ஒன்றுமில்லை, எண்ணினால் கோடிக்கணக்கு. நுரையீரலின் அடிவரை போய்ச் சேர்வதும் இந்தச் சின்னதுகள்தாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியது.

இந்த இரண்டு மாசுகளும் பிறக்கும் இடத்தைப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் எளிது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து அழுத்தி, அது தகிக்கும்போது டீசலை ஆயிரம் பார் அழுத்தத்துக்கும் மேலாகப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சிய தாரையின் நடுவில் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. அங்கே எண்ணெய் முழுதாக எரியாமல் கரியாகிறது. சிம்னி விளக்கில் திரியைத் தூக்கிவிட்டால் கண்ணாடி கறுப்பதும் இதே காரணத்தால்தான். தாரையின் ஓரத்திலோ காற்று அதிகம், சூடு மிக அதிகம். சாதாரணமாக எதனோடும் சேராமல் ஒதுங்கி நிற்கும் நைட்ரஜன், ஏறத்தாழ 1,500 டிகிரியைத் தாண்டினால் ஆக்ஸிஜனோடு கைகோத்துவிடுகிறது. ஆக, ஒரே சிலிண்டருக்குள், ஒரே நொடியின் சின்னஞ்சிறு பங்கில், காற்று போதாத இடத்தில் கரியும் சூடு மிஞ்சிய இடத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடும் உருவாகின்றன. சூட்டைக் குறைத்தால் கரி கூடும். கூட்டினால் நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும். என்ஜின் வடிவமைப்பாளர்களை அரை நூற்றாண்டாக ஆட்டிப்படைத்த இழுபறி இது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். முறை நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும், ஆனால் கரியைக் கூட்டும். 0.4 கிராம் என்று வரம்பு இறங்கியதும், பெரிய லாரிகளுக்கு என்ஜினுக்குள்ளேயே சமாளிக்கும் வழி அடைபட்டுப்போயிற்று. புகை வெளியே வந்த பிறகு அதை மறுபடியும் கையாள்வது என்று முடிவானது. சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு பெரிய பெட்டி வந்து உட்கார்ந்தது அப்படித்தான்.

பெட்டியின் முதல் அறையில் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய தேன்கூட்டுச் செங்கல் இருக்கிறது. டி.ஓ.சி. என்பார்கள். எரியாத எண்ணெய் ஆவியையும் கார்பன் மோனாக்ஸைடையும் எரித்துவிடுவது அதன் வெளிப்படையான வேலை. அதைவிட முக்கியமான இன்னொரு வேலையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். இரண்டாவது அறையில்தான் எல்லாரும் பயப்படும் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி. கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடு என்னும் பீங்கான் வகையில் செய்த உருளை. நெடுக ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். ஒரு குழாயின் வாய் திறந்து முனை அடைத்திருக்கும். பக்கத்துக் குழாய்க்கு வாய் அடைத்து முனை திறந்திருக்கும். உள்ளே நுழைந்த புகைக்கு வெளியேற ஒரே வழி, குழாயின் சுவருக்குள் புகுந்து அடுத்த குழாய்க்குப் போவது.

சுவரின் துளைகள் பத்து, இருபது மைக்ரான் அகலம். பிடிக்க வேண்டிய துகளோ அதில் நூறில் ஒரு பங்கு. சல்லடைக் கணக்குப்படி எல்லாம் ஒழுகிப்போக வேண்டும். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சிக்கிக்கொள்கிறது. காரணம், அவ்வளவு சின்னத் துகள் நேர்கோட்டில் போவதில்லை. வாயு மூலக்கூறுகள் நாலா பக்கமும் முட்டித் தள்ள, அது தள்ளாடித் தள்ளாடி எங்கேயாவது சுவரைத் தொட்டுவிடும்; தொட்டால் ஒட்டிக்கொள்ளும். சிறிய துகள் அதிகம் தள்ளாடும், எளிதில் மாட்டும். இரண்டாவதாக, ஒட்டிய கரியே ஒரு மெல்லிய படலமாகி, வருகிற கரியைப் பிடிக்கும் வடிகட்டியாகிவிடுகிறது. கொஞ்சம் கரி படிந்த வடிகட்டி, புத்தம்புது வடிகட்டியைவிட நன்றாக வடிகட்டும். 'உள்ளே கரி இருக்கிறது' என்று பதறத் தேவையில்லை. இருக்க வேண்டிய அளவு இருந்தாக வேண்டும்.

அளவு மிஞ்சினால் எரிக்க வேண்டும். வெறும் ஆக்ஸிஜனில் கரி எரிய 550, 600 டிகிரி செல்சியஸ் தேவை. பாரம் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும் லாரியின் புகையே பெரும்பாலும் 300, 400 டிகிரிதான். இந்த இடைவெளியை அடைக்கும் வழியை ஜான்சன் மாத்தி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பேரி கூப்பரும் ஜேம்ஸ் தாஸும் 1989-ல் வெளியிட்டார்கள். நைட்ரஜன் டை ஆக்ஸைடு இருந்தால் கரி 250 டிகிரியிலேயே மெல்ல எரியத் தொடங்கும். அந்த வாயுவுக்கு வெளியே அலைய வேண்டாம். புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைப் பிளாட்டினத்தின் மேல் ஓடவிட்டால் டை ஆக்ஸைடாக மாறிவிடும். முதல் அறையின் அந்த இன்னொரு வேலை இதுதான். ஒரு மாசைத் தூண்டிவிட்டு இன்னொரு மாசைத் தின்ன வைப்பது. மாசுக் கட்டுப்பாட்டு வேதியியலில் இதைவிட அழகான சூழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. டிரைவர் எதுவும் செய்ய வேண்டாம், எந்த லைட்டும் எரியாது, கூடுதல் டீசலும் ஆகாது. ஒரே நிபந்தனை: சூடு வேண்டும்.

சேலத்திலிருந்து பாரத்தோடு தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும் லாரியின் பெட்டிக்குள் கரி தானாகக் கரைந்துகொண்டிருக்கும். அதே கணவாயில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை, சிலிண்டருக்கு டீசல் போவதில்லை. வெறும் காற்று பெட்டியைக் குளிர்வித்துக்கொண்டு போகிறது. ஏற்றமும் இறக்கமும் கலந்த நெடும்பயணத்துக்கு இதனால் கேடில்லை. சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஊரும் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். ஐடிலிங்கில் நிற்கும் டீசல் என்ஜினின் புகை நூறு, நூற்றைம்பது டிகிரிதான். கரி சேரும், எரியாது. கான்கிரீட் கலவை லாரியும், ஊருக்குள் குப்பை அள்ளும் வண்டியும், குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே ஓடும் டிப்பரும் இந்த வகைதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல் வண்டி. ஒருவர் 'பிரச்சினையே இல்லை' என்பார், இன்னொருவர் 'இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்' என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. அவரவர் வண்டி ஓடும் ரூட் வேறு.

தானாக எரியாதபோது வண்டி வேண்டுமென்றே சூடேற்றிக்கொள்கிறது. கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் புகையில் கலந்து முதல் அறையில் எரியவிட்டு, வடிகட்டியின் வாயில் 600 டிகிரி வரை கொண்டுபோகிறது. ஓட்டத்திலேயே நடக்கும், அதற்கும் வாய்ப்பு இல்லையென்றால் நிறுத்திவைத்துச் செய்யச் சொல்லி லைட் எரியும். பட்டறை வழக்கில் 'ரீஜென்'. என்ஜின் தானே வேகமெடுத்து அரை மணி நேரம்போல உறுமும். காய்ந்த புல் மேலோ, வைக்கோல் லோடு பக்கத்திலோ, பங்கிலோ அப்போது வண்டி நிற்கக் கூடாது. லோடு இறக்க அவசரம் என்று பாதியில் அணைத்துவிடுவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும் தவறு. சில என்ஜின்களில் அந்தக் கூடுதல் டீசல் சிலிண்டர் வழியாகவே போகிறது; அடிக்கடி தொடங்கி அடிக்கடி நிறுத்தினால் அதில் ஒரு பங்கு சுவரில் வழிந்து என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் இருப்பதைக் கண்டு சந்தோஷப்படுகிறவர் உண்டு. ஆயில் மட்டம் ஏறியிருந்தால் அது கெட்ட செய்தி. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

கரி எரியும், சாம்பல் எரியாது. இந்த வேறுபாடு புரியாமல் பலர் பணத்தை இழக்கிறார்கள். என்ஜின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்மங்கள், சிலிண்டருக்குள் சிறிதளவு எரியும் ஆயிலோடு வந்து வடிகட்டியின் முனையில் சாம்பலாகத் தங்கிவிடும். எத்தனை ரீஜென் செய்தாலும் போகாது. லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி, அதற்கென்று உள்ள அடுப்பிலும் காற்றழுத்தக் கருவியிலும் சுத்தம் செய்வதுதான் வழி. கம்பி விட்டுக் குத்துவதும், சர்வீஸ் ஸ்டேஷன் பம்ப்பால் தண்ணீர் அடிப்பதும் பீங்கானை உடைக்கும், பூச்சைக் கழுவும். சாம்பல் குறைவாகத் தரும் ஆயில் வகைகள் இதற்காகவே வந்தன, சி.கே.-4 போன்ற குறியீடு டப்பாவில் இருக்கும். லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் என்று பழைய வகை ஆயிலை ஊற்றுகிறவர், லட்ச ரூபாய்க் கணக்கில் விலையுள்ள வடிகட்டியின் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறார்.

டீசலிலும் இதே கதை. பி.எஸ்.-3 காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருந்தது. இப்போது 10 பங்கு. இந்தப் பெட்டியில் இருக்கும் வினையூக்கிகள் கந்தகத்தைத் தாங்காது என்பதால்தான் எண்ணெய் நிறுவனங்கள் சுத்திகரிப்பு ஆலைகளையே மாற்றியமைத்தன. 'பயோடீசல்' என்ற பெயரில் நெடுஞ்சாலையோரம் மலிவாக விற்கும் கலப்பட எண்ணெயை ஊற்றினால் அவ்வளவு செலவும் வீண்.

மூன்றாவது அறைக்கு வருவோம். கரி போய்விட்டது, நைட்ரஜன் ஆக்ஸைடு இன்னும் இருக்கிறது. அதை உடைக்க அமோனியா வேண்டும். 1970-களிலேயே ஜப்பானில் ஆலைகளின் புகைபோக்கிகளில் இந்த முறை வந்துவிட்டது. ஓடும் லாரியில் நச்சு வாயுவான அமோனியாவைச் சிலிண்டரில் கட்டிக்கொண்டு போக முடியாதே என்பதுதான் சிக்கல். விடை யூரியா. தண்ணீரில் கரைத்து எடுத்துப்போனால் ஆபத்தில்லாத பொருள். சூடான புகையில் தெளித்தால் உடைந்து அமோனியாவாகும். அமோனியாவும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வினையூக்கியின் மேல் சந்தித்து, நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரிகின்றன. இரண்டும் காற்றில் ஏற்கெனவே இருப்பவை. டி.இ.எஃப். என்றும், வணிகப் பெயரால் ஆட்-ப்ளூ என்றும் பங்கில் கேட்டு வாங்குவது இந்தக் கரைசலைத்தான். நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை செலவாகும்.

இங்கேயும் சூடுதான் எஜமான். புகை 200 டிகிரியை எட்டாமல் யூரியாவைத் தெளித்தால் அது அமோனியாவாகாது. பையூரெட், சயனூரிக் அமிலம் என்று கெட்டியான வெள்ளைப் படிவங்களாகிக் குழாயை அடைக்கும். ஆகவே கட்டுப்பாட்டுக் கணினி சூடு வரும்வரை தெளிப்பதில்லை. துறைமுக வரிசையில் ஊரும் டிரெய்லர் ஆட்-ப்ளூவைக் குறைவாகக் குடிக்கிறதே என்று ஓனர் மகிழலாம். அந்த நேரத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடு பெரும்பாலும் அப்படியே திருவொற்றியூர்க்காரர்களின் மூக்குக்குப் போகிறது.

கரைசலில் யூரியா 32.5 சதவீதம். அந்த விகிதத்தில்தான் மிகக் குறைந்த வெப்பத்தில், மைனஸ் 11 டிகிரியில், உறையும். குளிர்நாட்டுக் கவலை அது. நம் கவலை எதிர்ப்பக்கம்: 30 டிகிரியில் ஓராண்டு கெடாமலிருக்கும் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். ஷெட்டுக்கு வெளியே சித்திரை வெயிலில் டிரம் அடுக்கிவைப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

'யூரியாவும் தண்ணியும்தானே, நாமே கலக்கிக்கலாமே' என்ற யோசனை எல்லா லாரிப்பேட்டையிலும் ஒருவருக்காவது வந்திருக்கும். மானிய யூரியா 45 கிலோ மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது ஆசை வருவது இயல்பு. கணக்கைப் பார்ப்போம். உர யூரியாவில் பையூரெட் 1.5 சதவீதம் வரை இருக்கலாம். அதை 32.5 சதவீதமாகக் கரைத்தால் கரைசலில் கிட்டத்தட்ட 0.5 சதவீதம், அனுமதி 0.3. போதாததற்கு 2015-லிருந்து நம் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. பயிருக்கு நல்லது, கரைசலைத் தெளிக்கும் நாசிலுக்கு ஆகாது. தண்ணீர் இன்னும் மோசம். ஆட்-ப்ளூவில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கலாம்; இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 75 மில்லிகிராமையே ஏற்கத்தக்கது என்கிறது. நூற்றைம்பது மடங்கு. கொங்கு நாட்டு போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த உப்பெல்லாம் வினையூக்கியின் மேல் படிந்தால் கழுவி எடுக்க வழியில்லை. விவசாயிக்கான மானியத்தை லாரிக்கு மடைமாற்றுவது குற்றம் என்பது தனி.

நல்ல கரைசலையும் கெடுக்க வழி உண்டு. டீசல் அளந்த கேனில் ஆட்-ப்ளூ ஊற்றினால், சில சொட்டு டீசலே போதும் பம்ப்பின் ரப்பரைக் கெடுக்க. மாற்றி ஆட்-ப்ளூவை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடக் கூடாது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை இறக்கிக் கழுவினால் கொஞ்சத்தோடு போகும், ஸ்டார்ட் செய்துவிட்டால் இன்ஜெக்டர்வரை அரிக்கும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச். என்ஜினை அணைத்த பிறகும் ஆட்-ப்ளூ பம்ப் ஓரிரு நிமிடம் ஓடிக் குழாயில் மிச்சமிருக்கும் கரைசலை டேங்குக்கே திருப்பி இழுத்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள், டீசல் திருட்டுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் பயந்து கட்-ஆஃபைத் திருப்பிவிடுவது பல டிரைவர்களுக்குக் கை வழக்கம். குழாயில் தங்கியது சூட்டில் தண்ணீர் வற்றி உப்பாக இறுகும். சில வாரங்களில் 'நாசில் அடைப்பு', புது நாசில், மறுபடி அடைப்பு. இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

நீல டேங்க் பத்து சதவீதத்துக்கு இறங்கினால் எச்சரிக்கை லைட். இரண்டரை சதவீதத்துக்குக் கீழே போனால் என்ஜினின் இழுவிசையில் கால் பங்கு வெட்டு. காலியானால் 20 கிலோமீட்டர் வேகம். இந்தக் கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று வராது. வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கும்போதோ, டீசல் போட்ட பிறகோ வரும். ஐரோப்பிய விதியிலிருந்து வந்த ஏற்பாடு இது. தண்டனைபோலத் தோன்றினாலும், கரைசல் ஊற்றாமல் ஓட்டுகிறவருக்கு லாபம், ஒழுங்காக ஊற்றுகிறவருக்கு நஷ்டம் என்றாகாமல் தடுக்க வேறு வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இனி பட்டறைக்கு. 'டி.பி.எஃப். அடைச்சிருச்சு' என்று வரும் வண்டிக்கு லேப்டாப்பை மாட்டி ரீஜென் கொடுத்து அனுப்புவது ஒரு வகை வைத்தியம். பதினைந்து நாளில் திரும்பி வரும். வடிகட்டிக்கு இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் மெக்கானிக்கின் வேலை. சொட்டுகிற இன்ஜெக்டர் ஒன்றே போதும். இன்டர்கூலர் ஹோஸில் விரல் நுழையாத கீறல் இருந்தால், டர்போ தள்ளும் காற்று வழியிலேயே கசிந்து, சிலிண்டரில் காற்றுப் பஞ்சம் வந்து கரி கூடும். இப்படிப்பட்ட வண்டி பி.எஸ்.-3 காலத்தில் கறும்புகை கக்கி ஊருக்கே சொல்லியிருக்கும். இன்று வடிகட்டி அந்தப் புகையை விழுங்கிவிடுவதால் நோய் கண்ணுக்குத் தெரியாமல் முற்றுகிறது. டர்போவின் ஆயில் சீல் தேய்ந்தால் சாம்பல். இ.ஜி.ஆர். கூலர் ஒழுகினால் கூலன்ட்டின் உப்புகள் வடிகட்டியில் படியும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, தரையில் ஒழுக்கு இல்லை என்றால் அங்கே பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என்ஜின் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் பட்டறைகளில் தலைமுறை வழக்கம். பழைய வண்டியில் கொஞ்சம் மைலேஜ் போனதோடு சரி. பி.எஸ்.-6 வண்டியில் கூலன்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டாவிட்டால் கணினி ரீஜெனை அனுமதிப்பதே இல்லை. சில நூறு ரூபாய்ப் பொருளைக் கழற்றிவிட்டு, வடிகட்டி ஏன் அடைக்கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறோம். இன்னொரு எளிய சோதனை: வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கும் சென்சாருக்கு இரண்டு சின்னக் குழாய்கள் போகும். அதில் ஒன்று அடைத்தாலோ வெடித்தாலோ, நல்ல வடிகட்டியையும் கணினி அடைத்தது என்று சொல்லும். வடிகட்டிக்கு விலை கேட்கும் முன் அந்தக் குழாயை ஊதிப் பார்க்கலாம்.

இவ்வளவு வம்பும் வேண்டாம் என்று குறுக்கு வழி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு சென்சார் பேசுவதுபோலக் கணினியிடம் பொய் பேசும் எமுலேட்டர் பெட்டி. வடிகட்டியின் உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மறுபடி வெல்டிங் செய்வது. இது நம் நாட்டுக் கைவரிசை மட்டுமல்ல. பெரிய நிறுவனங்களே செய்திருக்கின்றன: 1998-ல் அமெரிக்காவில் கனரக டீசல் என்ஜின் தயாரிப்பாளர்கள் பலர், சோதனையில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருள் வைத்ததற்காக அரசோடு சமரசம் செய்துகொண்டு அபராதம் கட்டினார்கள். ஃபோக்ஸ்வாகன் கார் விவகாரம் வெடித்தது அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஏட்டில் இருக்கிறது.

பிடிப்பது யார் என்பதுதான் கேள்வி. புகை சர்டிபிகேட் எடுக்கப் போனால், டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது ஒன்றே ஒன்று: ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பது. நைட்ரஜன் ஆக்ஸைடைப் பார்ப்பதே இல்லை. நீல டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி எமுலேட்டர் மாட்டிய லாரி அந்தச் சோதனையில் கம்பீரமாகத் தேறும். வடிகட்டி விரிசல் விட்ட வண்டியும் பல நேரம் தேறிவிடும். ஒளியை மறைக்கும் அளவுக்குப் பெரிய துகள் அதில் வராது, எண்ணிக்கைதான் எகிறியிருக்கும். ஐரோப்பாவில் இதற்காகத் துகள் எண்ணும் கருவியையே சோதனைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெதர்லாந்தில் 2023 ஜனவரியிலிருந்தும் ஜெர்மனியில் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும், ஐடிலிங்கில் நிற்கும் வண்டியின் புகையில் ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை துகள் என்று எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் வரம்பு 2,50,000. சோதனை சில நிமிடத்தில் முடிந்துவிடும். கோடிக்கணக்கில் செலவு செய்து பி.எஸ்.-6 வண்டி செய்யச் சொன்ன நாடு, அது சாலையில் பி.எஸ்.-6 ஆகவே இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கருவியை வாங்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

கருவி வரும்வரை, ஓனர் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்க்க வேண்டும். வடிகட்டி நன்றாக இருக்கும் வண்டியில், லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் துணியில் கரி ஒட்டாது; லேசான தூசியும் துருவும்தான் வரும். துணி கறுத்தால் வடிகட்டி உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அப்போது புது வடிகட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன், இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போடச் சொல்வது நல்லது.